கத்தி யாருக்காக?

“வேண்டாம் அக்கா, வேண்டவே வேண்டாம்!” என்றேன்.

“ஏன்?” என்று கேட்டாள் அக்கா.

இரண்டே எழுத்து! இந்த இரண்டெழுத்தைத் துணிந்து கேளுங்கள், விடை கிடைக்கும் வரையில் எதையும் நம்பாதீர்கள் என்று வகுப்பறையில் நாள்தோறும் மாணவர்களுக்குச் சொல்லுகிறவன் நான். நல்ல நேரம் பார்ப்பது ஏன்? பூனை குறுக்கே போனால் அச்சம் ஏன்? இப்படி எத்தனை ‘ஏன்’களை ஊராரை நோக்கி எய்திருக்கிறேன்! அந்தக் கணை என் வீட்டுக் கூடத்தில் என்னை நோக்கித் திரும்பியபோது, விடை தெரியாமல் விழித்தேன்.

அக்காவுக்கு வயது 34. கூட்டுறவுச் சங்கம் ஒன்றிலே கணக்கு எழுதுகிறாள். உயரம் 156 சென்டிமீட்டர். எடை 112 கிலோ. 29ஆம் வயதில் வந்த நீரிழிவு, ஆண்டுக்கு ஆண்டு மாத்திரைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறது. படியேறினால் முழங்கால் வலிக்கிறது. படுத்தாலோ, உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டுத் திடுக்கிட்டு எழுகிறாள். மருத்துவர் எல்லாவற்றையும் ஆய்ந்து பார்த்து, “இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவையைப் பற்றி எண்ணிப் பாருங்கள். முடிவு உங்களுடையது” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அத்தான், “உன் விருப்பம்” என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அம்மா அழுதாள். செய்தி கேட்ட உறவினர் சிலர் சிரித்தனர். கடைசியில்தான் அக்கா என்னிடம் வந்தாள். “நீ படித்தவன் தம்பி. சொல், செய்துகொள்ளட்டுமா?”

படித்தவன் சொன்ன விடை என்ன தெரியுமா? “மன உறுதி இருந்தால் போதும் அக்கா! உணவைக் குறை, நாள்தோறும் நட. கத்தி எதற்கு?”

அவள் சினம் கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். கணக்கெழுதும் கையல்லவா! 22ஆம் வயதிலிருந்து தன் எடையைத் தேதியிட்டு எழுதி வைத்திருந்தாள்.

“ஒன்பது முறை இளைத்திருக்கிறேன், பார். ஒரு முறை 14 கிலோ. ஒரு முறை 19 கிலோ. ஒன்பது முறையும் போன எடை வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது. மன உறுதி இல்லாதவள் ஒன்பது முறை தொடங்குவாளா, தம்பி?”

நான் தலை குனிந்தேன். தோழர்களே, அன்றிரவு நான் செய்த முதல் வேலை, என் ‘வேண்டாம்’ எங்கிருந்து பிறந்தது என்று தேடியதுதான். தேடியபோது மூன்று வேர்கள் அகப்பட்டன.

முதல் வேர்: பருமன் என்பது நாவடக்கம் இல்லாதவர்க்குக் கிடைத்த தண்டனை என்னும் எண்ணம்.

முற்பிறப்பில் செய்த தீவினையால்தான் இப்பிறப்பில் நோய் வந்தது என்று சொன்னால், நாம் நகைக்கிறோம். சான்று எங்கே என்று கேட்கிறோம். ஆனால், பருத்த ஒருவரைக் கண்டதும், ‘தின்று தின்று கெட்டார்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோமே, அதற்குச் சான்று கேட்டோமா? முற்பிறப்பை எடுத்துவிட்டு இப்பிறப்பை வைத்தோம். குற்றவாளிக் கூண்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு. 2019-21இல் அது 40.4 விழுக்காடு. ஆடவரிடையே 28.2 என்றிருந்தது 37 ஆயிற்று. ஐந்தாண்டுக்குள் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் ஒருவர் திடீரென்று மன உறுதியை இழந்துவிட்டாரா? அல்லது உண்ணும் பொருளும், உழைக்கும் முறையும், உறங்கும் நேரமும் மாறிவிட்டனவா? ஒரு நாடே பருக்கும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியே ஏசுவது, வெள்ளம் வந்த ஊரில் நனைந்தவனைப் பார்த்து, ‘உனக்குக் குடை பிடிக்கத் தெரியவில்லை’ என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மன உறுதியின் ஆற்றல்தான் எவ்வளவு? அதற்கும் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தனர். யார் அவர்கள்? கொல்ல மாட்டோம் என்று மனச்சான்றின் பேரால் போர்க்களம் செல்ல மறுத்தவர்கள்! நாடு முழுவதும் போர் முழக்கம் செய்தபோது, தனித்து நின்று மறுக்கத் துணிந்தவர்களைவிட மன உறுதி மிக்கவரை எங்கே தேடுவது? அவர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவு தரப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. அந்த உறுதியாளர்கள் என்ன ஆனார்கள்? இரவும் பகலும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களைப் படித்துப் பொழுது போக்கினர். உணவு மீண்டபோது, வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்காமல் தவித்தனர். துப்பாக்கியை மறுக்க முடிந்த உள்ளத்தால் பசியை மறுக்க முடியவில்லை!

ஏன் என்பதைப் பின்னாளில் அறிவியல் விளக்கிற்று. 1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். உடலின் கொழுப்பு மூளைக்கு அனுப்பும் செய்தி அது. கொழுப்புக் குறைந்தால் செய்தியும் குறைகிறது. மூளையோ பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிப் பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்ட கிரெலின், இரைப்பையிலிருந்து கிளம்பும் பசித் தூதன். என் அக்கா ஒன்பது முறை போரிட்டது தன் நாவோடு அன்று. பஞ்சத்தில் மாந்தரைக் காக்கவென்று பல்லாயிரம் ஆண்டுகளாக உருவான உடலமைப்போடு!

நடையும் அளவான உணவும் வீண் என்று நான் சொல்லவில்லை. அவை எல்லார்க்கும் நல்லவை. ஆனால், அவை மட்டுமே எல்லாரையும் மீட்கும் என்பதும், மீளாதவர் குற்றவாளி என்பதும் அறிவியல் அல்ல, அறமும் அல்ல.

இரண்டாவது வேர்: இயற்கை தந்த உடலை வெட்டலாமா என்னும் தயக்கம்.

கண்புரையை அறுக்கிறோம், குடல்வாலை அறுக்கிறோம், குழந்தை வரவில்லையென்றால் வயிற்றைக் கீறி எடுக்கிறோம். அப்போதெல்லாம் இயற்கை நினைவுக்கு வருவதில்லை. எனினும், இந்தத் தயக்கத்தை நான் முற்றும் ஒதுக்க மாட்டேன். புரை பிடித்த கண் நோயுற்ற உறுப்பு. இரைப்பையோ நல்ல உறுப்பு. ‘ஸ்லீவ்’ என்னும் அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை, அதற்குச் சற்று மேலும்கூட, வெட்டி நீக்கிவிடுகிறார்கள். வெட்டியது வெட்டியதுதான், மீண்டும் ஒட்ட முடியாது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். நன்றாக இயங்கும் உறுப்பிலே கத்தி வைக்க வேண்டுமானால், காரணம் வலுவாக இருக்க வேண்டும். இத் தயக்கம் நமக்குக் கற்பிப்பது இவ்வளவே: ‘செய்யாதே’ என்றல்ல, ‘நன்றாகக் கணக்குப் பார்’ என்று.

மூன்றாவது வேர்தான் ஆழமானது. ‘இது குறுக்கு வழி’ என்று என் உள்ளம் முணுமுணுத்தது.

குறுக்கு வழியென்றால், நேர்வழி எது? பட்டினி கிடந்து, உடல் நொந்து, உள்ளம் வெந்து, வருந்தி வருந்தி இளைப்பதா? வருந்திப் பெற்றால்தான் வரம், எளிதில் பெற்றால் திருட்டு என்பது தவசிகளின் கணக்கன்றோ! கோயிலை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று மார்தட்டிய நான், தீமிதியை மட்டும் அக்காவுக்காக வீட்டிற்குள் கொண்டுவந்துவிட்டேன். பெண்ணாய்ப் பிறந்தவள் குறைத்து உண்ண வேண்டும் என்று சொல்லும் பழைய நீதிநூலைப் பள்ளியில் ஒப்பித்தவன் நான். ஒப்பித்தது உள்ளே தங்கிவிட்டது. துன்பத்தைக் குறைக்க வழியிருக்கும்போது, துன்பப்பட்டே தீர வேண்டும் என்பது எந்த அறம்?

மேலும், அது குறுகிய வழியும் அன்று. அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுக உண்ண வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம், பி 12 முதலியவற்றை விடாமல் கொள்ள வேண்டும். இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாயாக விரும்புவோர் ஓராண்டு, ஒன்றரையாண்டு பொறுக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி என்றா பெயர்?

மூன்று வேரும் அறுந்தன. மறுநாள் காலை ஓடினேன். “செய்துகொள் அக்கா! தயங்காதே!” என்றேன்.

“ஏன்?” என்று மீண்டும் கேட்டாள்!

அப்போதுதான் புரிந்தது. நேற்றைய ‘வேண்டாம்’ எப்படி அவசரமோ, அப்படியே இன்றைய ‘வேண்டும்’ என்பதும். ஏனெனில், கத்தியை நோக்கி ஒருவரைத் தள்ளும் கைகள் எத்தனையோ உண்டு. பெண் பார்க்க வருவோரின் பார்வை ஒரு கை. ‘முன்பு இப்படி, இப்போது இப்படி’ என்று இரு படங்களை அடுத்தடுத்து அச்சிடும் விளம்பரம் ஒரு கை. பேருந்திலே பக்கத்து இருக்கைக்காரர் விடும் பெருமூச்சு ஒரு கை. இக்கைகளுக்குப் பணிந்து மேசையில் படுப்பது மருத்துவமா, பலியா?

ஆகவே, அக்காவுக்கு ஒரு சோதனை வைத்தேன். “ஆளில்லாத் தீவொன்றில் நீ மட்டும் இருப்பதாக எண்ணிக்கொள். அங்கேயும் இந்த அறுவையை விரும்புவாயா?” மெய்யியல் நூல்களில் படித்த பாணி. பெருமையோடு கேட்டேன்.

அவள் சிரித்தாள். “ஆளில்லாத் தீவில் எனக்கென்ன வேலை, தம்பி? நான் இருப்பது இந்த ஊரில். ஏறுவது இந்தப் பேருந்தில். கல்யாண வீட்டு நாற்காலி தாங்குமா என்று ஒவ்வொரு முறையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அந்த அச்சமும் என் நோய்தானே? அதைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல நீ யார்?”

உண்மைதான். மாந்தர் மற்றவரோடு வாழ்பவர். பிறர் பார்வையை முற்றும் உதறிவிட்டு முடிவெடு என்று, அந்தப் பார்வையால் ஒரு நாளும் சுடப்படாத ஒல்லியன் அறிவுரை சொல்வது எளிது. என் கேள்வியில்தான் பிழை. நெடுநேரம் எண்ணி, வேறு விதமாகக் கேட்டேன்.

“அறுவை முடிந்து, எடையும் குறைந்து, அதன் பிறகும் ஊர் ஏதேனும் ஒன்றைச் சொல்லி ஏசுகிறது என்று வைத்துக்கொள். முகம் வாடிவிட்டது என்பார்கள். தோல் தொங்குகிறது என்பார்கள். கத்தி வைத்து இளைத்தவள் என்பார்கள். அப்போதும் ‘செய்துகொண்டது சரி’ என்று சொல்வாயா?”

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. “இரண்டு நாள் பொறு” என்றாள்.

இரண்டு நாள் கழித்து அதே நோட்டை நீட்டினாள். புதிய பக்கத்தில் கோடு கிழித்து, ஒரு புறம் பற்று, மறுபுறம் வரவு என்று எழுதியிருந்தாள்.

பற்றுப் பக்கத்தில் இருந்தவை: தேர்ந்த மையங்களிலும் ஆயிரத்தில் ஓரிருவர், மூவர் இறப்பதுண்டு. தையலிடத்தில் கசிவு, இரத்தப் போக்கு நேரலாம். நெஞ்செரிச்சல் கூடலாம். சில மாதம் முடி கொட்டலாம். சிலருக்கு எடை மீண்டும் ஏறும். ஒரு சிறு பகுதியினரிடம் மதுப் பழக்கமும் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் கூடியதாக ஆய்வுகள் உண்டு. சேமிப்பு கரையும். குழந்தைகள் இருவர்.

கடைசி வரியில் வேறொன்றும் எழுதவில்லை. ‘குழந்தைகள் இருவர்’, அவ்வளவே. நான் அந்த வரியைத் தாண்ட நெடுநேரமாயிற்று.

வரவுப் பக்கத்தில் ஸ்வீடன் நாட்டு ஆய்வு இருந்தது. 1987இல் தொடங்கியது, அறுவை செய்துகொண்டவர் 2010 பேர், செய்துகொள்ளாதவர் 2037 பேர். சராசரியாகப் பதினொரு ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, செய்துகொள்ளாதவரில் 129 பேரும், செய்துகொண்டவரில் 101 பேரும் இறந்திருந்தனர். 2020இல் வெளியான கணக்கின்படி, செய்துகொண்டவர்களின் வாழ்நாள் மூன்றாண்டு கூடுதல். ஆயினும் பொதுமக்களின் வாழ்நாளைவிட ஐந்தரை ஆண்டு குறைவே. நீரிழிவு இருந்தவர்களில் 100க்கு 72 பேருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் அடங்கியிருந்தது. பத்தாம் ஆண்டிலோ 36 பேருக்குத்தான். “மந்திரம் இல்லை, தம்பி. ஆனால், சுழியமும் இல்லை” என்றாள்.

ஊசி மருந்துகளையும் அவள் விடவில்லை. வாரம் ஒரு முறை போடுபவை; 2025இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. செமாகுளூடைடு என்னும் மருந்தின் பெரிய ஆய்வொன்றில் 68 வாரத்தில் எடை சராசரி 15 விழுக்காடு குறைந்தது. நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிற்று. “எனக்கு மாதந்தோறும் வாங்கக் கட்டாது. வசதியுள்ளவர்க்கு அதுவே நல்ல வழியாக இருக்கலாம்” என்று எழுதியிருந்தாள்.

பக்கத்தின் அடியில், என் கேள்விக்கு விடை: “ஊர் ஏசினாலும் சரி. மூச்சு முட்டாமல் ஓர் இரவு உறங்க வேண்டும். சின்னவள் பள்ளி முடிக்கும்போது எனக்குக் கண் தெரிய வேண்டும். இந்த இரண்டும் ஊரார் தருவதல்ல. ஊரார் பறிக்கக் கூடியதும் அல்ல.”

தோழர்களே, இவ்வளவு நீண்ட தேடலில் நான் கண்டது இதுதான். அறுவை நல்லதா, தீயதா என்பது மருத்துவக் கேள்வி. அதை எடையும் நோயும் பார்த்து மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 1991இல் ஓர் அளவு வகுத்தனர். 2022இல் அதைத் திருத்தி, ஆசிய மக்களுக்கு இன்னும் தாழ்ந்த எல்லை வைத்தனர். நாளை மேலும் திருத்துவர். அறக் கேள்வியோ வேறு. முடிவைத் தாங்கி நிற்கும் காரணம், ஏசுவோர் வாய் மூடாவிட்டாலும் நிற்குமா? நிற்குமானால் அது அவரவர் முடிவு. நில்லாதெனில், கத்தி பிடித்திருப்பது மருத்துவரானாலும், கையை அசைப்பது ஊர்.

இதே எடையும் இதே நோயும் உள்ள இன்னொருத்தி, இதே கணக்கைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லலாம். அவளும் பகுத்தறிவோடுதான் முடிவெடுத்தாள். அவளைக் கோழை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளைவை வைத்து முடிவை அளக்காதீர்கள். அறுவை நன்றாக முடிந்தால், ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பார்கள். தீங்கு நேர்ந்தால், ‘இது தேவைதானா?’ என்பார்கள். இரண்டும் பிழை. நாளை நடப்பதை இன்று யாரும் அறியார். இன்று அறியக்கூடியதை எல்லாம் அறிந்து, தனக்காகத் தானே எடுத்த முடிவு, எது நேர்ந்தாலும் நேர்மையான முடிவே.

ஆனால், முடிவெடுப்பது அவர்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. என் வகுப்பில் பருத்த மாணவன் ஒருவனை மற்றவர்கள் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதுண்டு. நான் தடுத்ததில்லை; ஒரு நாள் சிரித்தும் விட்டேன். இருபது ஆண்டு கழித்து அவன் ஒரு மருத்துவமனையில் படிவத்தை நிரப்பும்போது, அவன் காரணங்களில் ஒன்றாக என் சிரிப்பும் இருக்கக் கூடாது. சென்ற வாரம் வகுப்பில் அந்தப் பட்டப்பெயரை நிறுத்தினேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் என்னை நம்பாமல் பார்த்தான். நம்புவதற்கு நாளாகும்.

நேற்று அக்காவோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நாள் குறித்துவிட்டார்கள், அடுத்த மாதம். ஒப்புதல் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் கணக்குப் பேரேட்டைப் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்தாள். புரியாத இரண்டிடத்தில் கேள்வி கேட்டாள். பிறகு கையொப்பமிட்டாள். கீழே ‘உறவினர் கையொப்பம்’ என்று ஓர் இடம். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

ஒரு கணம் கை தயங்கிற்று. பற்றுப் பக்கத்தின் கடைசி வரி கண்முன் வந்தது. பிறகு எழுதினேன். அவளுக்கு நான் அளித்த இசைவு அன்று அது. இசைவை அவளே அளித்துவிட்டாள். நான் இட்டது சாட்சிக் கையொப்பம்.